சியாங்மாயில் சோங்கிரான்: வீட்டுக்காரரின் அம்மாவுக்குத் தண்ணீர் ஊற்ற அழைத்திருக்கிறார்கள், எப்படி நடந்துகொள்வது?

புதுக்குடித்தனம்:

எல்லோருக்கும் வணக்கம். கணவரின் வேலை மாற்றத்தால் போன மழைக்காலம் முடிந்ததிலிருந்து தாய்லாந்தின் சியாங்மாயில் இருக்கிறோம். இது எங்களுக்கு முதல் சோங்கிரான், அதாவது ஏப்ரல் நடுவில் வரும் தாய்லாந்துப் புத்தாண்டு. நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் அடுத்த வாசலில்தான் குடியிருக்கிறார். அவருடைய அம்மா எண்பதைத் தாண்டியவர். தெருவே அவரை "மே உய்" என்று கூப்பிடுகிறது, வட தாய்லாந்தில் பாட்டியை அப்படித்தான் அழைப்பார்களாம், நாங்களும் அப்படியே கூப்பிடுகிறோம். என் மகனுக்கு மாலையில் பாதி நேரம் அவர் மடிதான்.

போன வாரம் வீட்டுக்காரரின் மனைவி வந்து, "15ஆம் தேதி காலையில் மூன்று பேரும் வந்துவிடுங்கள், மே உய்க்குத் தண்ணீர் ஊற்றி ஆசி வாங்கிக்கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டேன். அதற்குப் பிறகுதான் கவலை. என்ன கொண்டு போவது? தண்ணீரை எங்கே ஊற்றுவது, தலையிலா, கையிலா? என்ன சொல்ல வேண்டும்? எனக்குத் தெரிந்த சோங்கிரான் எல்லாம் தொலைக்காட்சியில் பார்த்த தண்ணீர்த் துப்பாக்கிச் சண்டை மட்டும்தான். மகனுக்கு ஐந்து வயது. அவனும் ஒரு தண்ணீர்த் துப்பாக்கிக்கு அடம் பிடித்துக்கொண்டிருக்கிறான். தண்ணீர் விளையாட்டு நடக்கும் பழைய நகரத்து அகழிப் பக்கம் குழந்தையைக் கூட்டிப் போகலாமா?

இன்னொன்று. 14ஆம் தேதி நமக்குச் சித்திரை முதல் நாள். தாய்லாந்து, மியான்மர், லாவோஸ், கம்போடியா, நாம் என்று எல்லோருக்கும் எப்படி ஒரே வாரத்தில் வருடம் பிறக்கிறது? தெரிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவி.

அகழியோரம்:

தங்கச்சி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்களுக்குக் கிடைத்திருப்பது பண்டிகையின் நடு வீடு. பல வருடமாக இங்கே இருக்கும் வெளிநாட்டவர்களில்கூடப் பலர் அகழிக்கரையோடு திரும்பிவிடுகிறார்கள், ஒரு வீட்டுக்குள் பாட்டியின் முன்னால் உட்காரும் வாய்ப்பு அவர்களுக்கு அமைவதே இல்லை. வேறு எதைத் தவறவிட்டாலும் 15ஆம் தேதி காலையைத் தவறவிடாதீர்கள்.

வட தாய்லாந்தில் இதற்கு "டாம் ஹுவா" என்று பெயர். பெரியவர்களுக்குத் தலைக்கு நீராட்டும் சடங்கு. பழைய நாளில் உண்மையாகவே தலைமுடியைக் கழுவிவிட்டிருக்கிறார்கள். இப்போது பல வீடுகளில் கிண்ணத்தை நீட்டுவதோடு சரி: பெரியவர் அதில் விரல்களை நனைத்துத் தன் உச்சந்தலையில் தானே தடவிக்கொள்வார், பிறகு நம் மேல் நாலு துளி தெளிப்பார். உள்ளங்கையில் நீர் வார்ப்பது பாங்காக் பக்கத்து முறை. அதுவும் இங்கே நன்றாகவே பரவிவிட்டது. அந்த வீட்டில் எது வழக்கம் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. மூத்த மகன் முதலில் செய்வார், அவர் கையைப் பாருங்கள், அதையே செய்யுங்கள். கையில் ஊற்றச் சொன்னால் மெதுவாக, நூல் போல ஊற்றுங்கள். நீங்களாகப் பாட்டியின் தலையில் ஊற்ற வேண்டாம்.

இனி அந்தத் தண்ணீரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எனக்கு இந்தப் பண்டிகை பிடித்துப்போனதே அதனால்தான். பாங்காக்கில் மல்லிகையும் ரோஜா இதழும் வாசனைத் தைலமும் போட்ட நீர். இங்கே அப்படியில்லை. "சொம்பாய்" என்று ஒரு காய்ந்த காயைத் தணலில் காட்டுவார்கள். தோல் உப்பிக் கறுத்து, புளிப்பும் புகையும் கலந்த ஒரு வாசனை எழும்பும். அப்போது எடுத்து ஒடித்து "சலுங்" என்கிற வெள்ளிக் கிண்ணத்து நீரில் போடுவார்கள். கூடவே கொஞ்சம் மஞ்சள், காய்ந்த குசும்பாப் பூவின் இதழ்கள். சிறிது நேரத்தில் தண்ணீர் வெளிறிய தேநீர் நிறத்துக்கு வந்துவிடும், மேலே பூவிதழ்கள் குங்குமப்பூ போல மிதக்கும். முதல் தடவை கிண்ணத்துக்கு மேல் குனிந்தபோது எனக்கு ஊர் ஞாபகம் வந்து தொண்டை அடைத்துவிட்டது. ஏனென்றால் அந்தக் காய் நம் சீயக்காய். அதே செடி, அதே காய். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலின் வாசனையில்தான் இவர்கள் புத்தரை நீராட்டுகிறார்கள், தாய் தந்தையை வணங்குகிறார்கள், புத்தாண்டைத் தொடங்குகிறார்கள்.

கொண்டு போவதற்குப் பெரிதாக எதுவும் வேண்டாம். ஒரு தட்டில் மல்லிகைச் சரம், பழம், ஒரு நல்ல துண்டு அல்லது பாட்டி உடுத்தக்கூடிய துணி. அது போதும். தரையில் உட்கார்ந்து தட்டை இரண்டு கையாலும் கொடுங்கள். கால் பாட்டியின் பக்கம் நீளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் ஆசி சொல்லத் தொடங்கினால் வட்டார மொழியில் ராகம் போட்டு நீளமாகப் போகும். புரியாவிட்டால் பரவாயில்லை, கைகூப்பித் தலை தாழ்த்திக் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். கடந்துபோன வருடத்தில் அவர் மனம் நோகும்படி ஏதாவது நடந்திருந்தால் அதற்கும் சேர்த்துத்தான் இந்த வணக்கம். அந்த எண்ணத்தோடு உட்காருங்கள். "சவதீ பீ மாய் கா" என்று சொன்னால் புத்தாண்டு வாழ்த்து ஆயிற்று. உங்கள் கணவரும் மகனும் கடைசியில் "கா"வுக்குப் பதில் "க்ராப்" என்பார்கள். மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டிவிட்டால் உடனே அவிழ்த்துவிடாதீர்கள், சில நாள் இருக்கட்டும்.

மற்ற நாட்களையும் சொல்லிவிடுகிறேன். 13ஆம் தேதி பழைய வருடம் விடைபெறும் நாள். வீடு கூட்டித் துடைத்துத் துவைத்து முடிப்பார்கள். அன்றைக்கு வாட் பிரா சிங் கோயிலின் புத்தர் சிலை ஊர்வலமாக வரும், தெருவோரம் நிற்பவர்கள் எல்லோரும் சீயக்காய் நீரைச் சிலைமேல் தெளிப்பார்கள். மகனை அதற்குத் தோளில் தூக்கிக்கொண்டு போங்கள், அவனுக்கு மிகவும் பிடிக்கும். 14 இடைப்பட்ட நாள். அன்று யாரையும் திட்டக்கூடாது, சண்டை கூடாது, வாயில் கெட்ட சொல் வந்தால் வருடம் முழுக்கத் தொடரும் என்பார்கள். சாயங்காலம் கோயிலுக்கு மணல் சுமந்து போய்ச் "சேதி" என்கிற புத்தத் தூபி போலக் கோபுரம் கட்டுவார்கள். வருடம் முழுக்க நம் காலோடு ஒட்டிக்கொண்டு வெளியே போன கோயில் மண்ணைத் திருப்பிக் கொடுக்கிற கணக்கு அது. மறுநாள் அந்த மணல் கோபுரங்களில் வண்ணக் காகிதக் கொடிகள் நடுவார்கள். 15 "பயா வான்", எல்லாவற்றிலும் பெரிய நாள். காலையில் கோயில், அப்புறம் பெரியவர்கள் வீடு. பழைய கணிதப்படி பார்க்கும் வீடுகளில் இது ஒரு நாள் தள்ளியும் வரும், உங்களுக்கு 15 என்று சொல்லியிருப்பதால் அதில் குழப்பம் இல்லை. 16ஆம் தேதி பலாப்பிஞ்சுக் குழம்பு வைப்பார்கள். அதைக் கட்டாயம் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள், நம் வீட்டு ருசிக்கு மிகவும் கிட்டத்தில் இருக்கும். கறி, கருவாடு சேர்ப்பதுண்டு, சைவமாக இருந்தால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

அகழிக்கு வருகிறேன். 1296இல் மங்ராய் மன்னர் கட்டிய நகரத்தைச் சுற்றி ஓடும் நீர் அது. மூன்று நாளும் நாலு பக்கமும் கூட்டம் நெரியும், தா பே கோட்டை வாசலில் கால் வைக்க இடம் இருக்காது. ஐந்து வயதுக் குழந்தைக்கு அது இடமில்லை என்பது என் உறுதியான கருத்து. அகழி நீர் கண்ணில் பட்டால் நோவு. சிலர் ஐஸ் கட்டி போட்ட நீரைப் பீய்ச்சுவார்கள், குழந்தை பயந்துவிடும். அதைவிடப் பெரிய கவலை சாலை. சோங்கிரானை ஒட்டிய ஏழு நாட்களை "அபாயமான ஏழு நாள்" என்றே சொல்லி அரசாங்கம் விபத்துக் கணக்கு எடுக்கிறது, இறப்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் பைக்கில் போனவர்கள். அந்த வாரம் பைக்கைத் தொடாதீர்கள். ஓடும் பைக்கின் மேல் யாரும் தண்ணீர் அடிக்கவும் கூடாது, இதை மகனுக்கு இப்போதே சொல்லி வையுங்கள். துப்பாக்கி வாங்கிக் கொடுங்கள், தாராளமாக. உங்கள் சந்திலேயே பிள்ளைகள் வாளியோடு நிற்பார்கள், அங்கே நனையட்டும். பிக்குகள், வயதானவர்கள், கைக்குழந்தைகள் மேல் மட்டும் அடிக்கக்கூடாது. வெள்ளைச் சுண்ணாம்புக் களிமண் பொடியைக் குழைத்துக் கன்னத்தில் பூச வந்தால் காட்டலாம், அதுவும் வாழ்த்துதான்.

யாங்கோன்வாசி:

அக்கா எழுதியதைப் படித்ததும் நானும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாங்கள் மியான்மரின் யாங்கோனில் சில தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். எங்கள் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவான திஞ்ஜானிலும் சீயக்காய்தான்!

பர்மிய மொழியில் அதற்கு "கின்புன்". "தயோ" என்கிற ஒரு மரப்பட்டையோடு சேர்த்து ஊறவைத்துப் பிசைந்தால் வழவழவென்று நுரைக்கும். பழைய காலத்துத் தலைக்குளியல் நீர் அது. திஞ்ஜான் முடிந்து வருடம் பிறக்கும் அன்று இளவட்டங்கள் கூட்டமாகக் கிளம்பித் தெருவில் இருக்கும் தாத்தா பாட்டிகளை வரிசையாக உட்காரவைத்து இதை ஊற்றித் தலைமுடியைக் கழுவிவிடுவார்கள், நகம் வெட்டிவிடுவார்கள். சொந்தப் பாட்டியாக இருக்க வேண்டும் என்பதில்லை. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் ஒரு கிழவர் கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பையன் தலையைத் தேய்த்துவிடுவதை அனுபவித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். வாளி வாளியாக ஊற்றி ஆடுவதைப் படம் எடுக்கிறவர்கள் இதை ஏனோ எடுப்பதில்லை.

அதற்கு முந்தின நாட்களில்தான் தண்ணீர் விளையாட்டு. தேவலோகத்து அரசன் தஜாமின், அதாவது நம் இந்திரன், பூமிக்கு இறங்கி வருகிறான் என்பது நம்பிக்கை. நல்லது செய்தவர்கள் பெயர் ஒரு ஏட்டில், கெட்டது செய்தவர்கள் பெயர் இன்னொரு ஏட்டில். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அவனை வரவேற்க ஒரு மண்பானையில் நீர் நிறைத்து இலையும் பூவும் சொருகி வைப்பார்கள். நம் பூரணகும்பத்தில் மாவிலை இருக்கும், இங்கே நாவல் இனத்தைச் சேர்ந்த "தபியே" இலை. முன்பெல்லாம் இந்த இலைக்கொத்தை வெள்ளிக் கிண்ணத்தில் நனைத்து மெதுவாகத் தோளில் தெளிப்பதுதான் வழக்கம். குழாய் வைத்துப் பீய்ச்சுவது பின்னால் வந்தது.

நண்பர்கள் கூடி "மோன் லோன் யே போ" செய்வதைச் சொல்லாவிட்டால் திஞ்ஜானைச் சொன்னதாகாது. அரிசிமாவு உருண்டைக்குள் வெல்லம் வைத்துக் கொதிக்கும் நீரில் போடுவோம். வெந்தால் மேலே மிதந்து வரும், அள்ளித் தேங்காய்த்துருவலோடு தின்போம். ஏதோ ஒரு உருண்டையில் வெல்லத்துக்குப் பதில் காந்தாரி மிளகாய் இருக்கும். யாருக்கு அது வாய்க்கிறதோ அவர் பாடு!

புத்தாண்டு அன்று மீன்களை வாங்கிக் குளத்திலும் ஆற்றிலும் விடுவோம். 2024 டிசம்பரில் யுனெஸ்கோ திஞ்ஜானைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. தாய்லாந்தின் சோங்கிரான் அதற்கு முந்தின வருடமே சேர்ந்துவிட்டது. எங்களுக்குச் சில வருடங்களாகப் பண்டிகை மனம் முழுசாக இல்லை. 2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பிறகு வந்த திஞ்ஜானில் ஆட்டம் பாட்டத்தை விட்டுவிட்டவர்கள் நிறைய. ஆனால் பாட்டிகளின் தலையைக் கழுவிவிடுவதை எங்கள் தெருவில் நிறுத்தவில்லை.

வடமராட்சி:

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுறன். தமிழருக்கும் தண்ணீரோடுதான் வருசம் பிறக்கும், தமிழ்நாட்டு ஆக்களுக்கு இது அவ்வளவு தெரியாது. எங்களுக்கு மருத்துநீர்.

வருசம் பிறக்கும் நேரத்துக்கு முன்னும் பின்னும் விஷு புண்ணியகாலம் என்று பஞ்சாங்கத்தில் போட்டிருப்பார்கள். அந்த நேரத்துக்குள் மருத்துநீர் தேய்த்துத் தலை முழுக வேண்டும். தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு, விஷ்ணுகிராந்தி, மஞ்சள், மிளகு, சுக்கு, பால், கோமயம், கோரோசனை என்று போட்டுக் காய்ச்சுவது. கோயிலில் ஐயர் காய்ச்சி வைத்திருப்பார், சின்னப் பிள்ளைகள் செம்போடு போய் வாங்கி வருவோம். தலைக்கு ஒரு இலை, காலுக்கு ஒரு இலை வைத்து, வீட்டில் மூத்தவர் ஒவ்வொருத்தருக்கும் உச்சியில் வைத்துவிடுவார். எந்த இலை என்பது வருசத்துக்கு வருசம் பஞ்சாங்கத்தில் மாறும். புண்ணியகாலம் நள்ளிரவில் வந்தால் நித்திரையில் இருக்கிற பிள்ளையையும் எழுப்பித் தலையில் வைத்துவிடுவார்கள். முழுகிவிட்டுத்தான் புது உடுப்பு, கோயில், பெரியவர்கள் கையால் காசு வாங்கும் கைவிசேடம்.

அந்த அக்கா சொன்ன தாய்லாந்து முறையில் இளையவர் பெரியவருக்கு நீர் வைக்கிறார், எங்களில் பெரியவர் இளையவருக்கு வைக்கிறார். எனக்கு இரண்டும் வேண்டும் போல இருக்கு. தங்கச்சி, 14ஆம் தேதி நீங்கள் வீட்டில் மகனுக்கு மருத்துநீர் வைத்துவிடுங்கோ, அடுத்த நாள் அவன் கையாலேயே அந்தப் பாட்டிக்கு ஊற்றச் சொல்லுங்கோ. எல்லாச் சாமானும் அங்கே கிடைக்காது. மஞ்சள், துளசி, சுக்கு, மிளகு, பால் கிடைக்கும்தானே, கிடைத்ததை வைத்துக் காய்ச்சுங்கோ.

வானநூல் ஆர்வலன்:

ஏன் ஒரே வாரம் என்ற கேள்விக்கு மட்டும் வருகிறேன். சூரியன் மேஷ ராசிக்குள் நுழைவதாக நம் கணிதம் சொல்லும் நாள் இது. இந்தக் கணிதம் சூரிய சித்தாந்தம் போன்ற நூல்களின் வழியாகத் தென்கிழக்காசியாவுக்குப் போனது, அரசவைகளில் ஜோதிடர்கள் அதை வைத்தே வருடத்தைக் கணித்தார்கள். தமிழகம், கேரளம், இலங்கை, வங்காளம், அசாம், ஒடிசா, பஞ்சாப் எல்லாம் இதே கணக்குதான். அருணாசலப் பிரதேசத்தில் நாம்சாய் பக்கம் வாழும் தாய் காம்தி மக்கள் இதே நாட்களில் "சாங்கென்" என்று புத்தருக்கு நீராட்டுகிறார்கள். சீனாவின் யுன்னானில் சிப்சோங்பன்னா தை மக்களுக்கும் இதுவே தண்ணீர்த் திருவிழா. 1961இல் சீனப் பிரதமர் சௌ என்லாயும் பர்மியப் பிரதமர் ஊ நூவும் அங்கே சேர்ந்து தண்ணீர் தெளித்து ஆடினார்கள்.

இந்தக் கணக்கு வகுத்த காலத்தில், சுமார் 1500 வருடம் முன்பு, மேஷப் பிறப்பும் பகலும் இரவும் சமமாகும் மார்ச் நாளும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. பூமியின் அச்சு மெதுவாகச் சுழல்வதால் இரண்டும் விலகிக்கொண்டே போகின்றன, சுமார் 60 - 70 வருடத்துக்கு ஒரு நாள் வீதம். அதனால்தான் மார்ச் 21 இல்லாமல் ஏப்ரல் நடுவில் நிற்கிறோம்.

தாய்லாந்து அரசு 1889இல் வருடப் பிறப்பை ஏப்ரல் 1க்கும், 1941இல் ஜனவரி 1க்கும் மாற்றிவிட்டது. இடையில் 1940ஆம் வருடத்துக்கு அங்கே ஒன்பது மாதம்தான். காகிதத்தில் புத்தாண்டு போய்விட்டது, மக்கள் சோங்கிரானை விடவில்லை. அறுவடை முடிந்து, மழைக்கு முன், வெயில் உச்சத்தில் இருக்கும் மாதம். தண்ணீர்ப் பண்டிகைக்கு இதைவிடப் பொருத்தமான காலம் வேறு இல்லை.

புதுக்குடித்தனம்:

அக்கா, அண்ணன்மார், எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கணவருக்கும் வாசித்துக் காட்டினேன், அகழிப் பயம் போய் ஊர்வலம் பார்க்கக் கிளம்பிவிட்டார். வடமராட்சிக்காரர் சொன்னபடியே 14ஆம் தேதி மருத்துநீர், 15ஆம் தேதி மே உய். எங்கள் சந்தின் முனையில் கொன்றை மஞ்சள் மஞ்சளாகத் தொங்குகிறது, அதில் ஒரு கொத்தைக் கேட்டு வாங்கிக் கனி வைக்கப்போகிறேன். அக்கா, ஒரே ஒரு சந்தேகம். அந்தக் காயை நானே வாங்கி நீர் கலந்து எடுத்துப் போகலாமா, அல்லது அவர்கள் வீட்டுக் கிண்ணத்திலிருந்துதான் ஊற்ற வேண்டுமா?

அகழியோரம்:

தாராளமாக எடுத்துப் போகலாம், சந்தோஷப்படுவார்கள். வரோரோட் சந்தையில் காய்ந்த பூ, ஊதுவத்தி விற்கிற கடைகளில் கேளுங்கள், பண்டிகைக்கு முன் குவித்து வைத்திருப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் அந்தச் சந்தையை "காட் லுவாங்" என்பார்கள், வண்டிக்காரரிடம் அப்படிச் சொன்னாலும் போதும். குசும்பாப் பூவும் அங்கேயே கிடைக்கும். 12ஆம் தேதிக்குள் வாங்கிவிடுங்கள், அப்புறம் அந்தப் பக்கத் தெருவில் நனையாமல் நடக்க முடியாது. காயைத் தணலில் காட்டும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், மகனை அடுத்த அறைக்கு அனுப்பிவிடுங்கள், சீயக்காய்ப் புகை கமறும். ஆறிய பிறகு விதையை எடுத்துவிட்டு நீரில் போடுங்கள். பாட்டிக்குக் கண் எரியாமல் இருக்க, கலந்த நீரை ஒரு மெல்லிய துணியில் வடிகட்டி எடுத்துப் போங்கள்.